மருந்து ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள்

காவாந்தண்டலம்
6 ஜூலை 2025

அன்புள்ள மகள் சித்ராவுக்கு,

உன் நைனா முத்துவேல் எழுதுவது. யாரும் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். நம்பாவிட்டால் பக்கத்து வீட்டு வீரம்மாளைக் கேள்.

அங்கன்வாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. வீரம்மாள்தான் டீச்சர். பொங்கல் கழிந்து நானும் போய் உட்கார்ந்தேன். சவுக்கு வெட்டிய கை அல்லவா, பென்சிலைக் கத்தி மாதிரிப் பிடித்தது. பென்சில் ஒடிந்துகொண்டே இருந்தது. "மாமா, அது மரம் இல்ல, மெல்லப் புடி" என்று வீரம்மாள் சொல்வாள். இப்போது பரீட்சையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். பேசுகிற மாதிரி எழுதக் கூடாது, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அப்படித்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது, இன்றுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்.

ஊர் முழுக்க எழுத்து இருக்கிறது, சித்ரா. தீப்பெட்டியில்கூட எழுதியிருக்கிறது. உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் படித்துக்கொண்டு நின்றேன். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அதன் போர்டையும் படித்துவிட்டுத்தான் விட்டேன். சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி எல்லாம் படிக்கிறேன். யார் போனார்கள் என்று இனி ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சொல்வதற்கு மட்டும் எழுதவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் எனக்கு மூத்திரம் சரியாகப் போகவில்லை. காஞ்சிபுரத்தில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். ஆண்களுக்கு மட்டும் மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டாம், அதில் வருவது. எலும்புக்கும் போயிருக்கிறது. ஊசி போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தேன். இப்போது ஊசி கேட்கவில்லை. ரத்தத்தில் ஒரு எண் பார்க்கிறார்கள், அது ஏறிக்கொண்டே போகிறது.

டாக்டர் சொன்னார்: "பெரியவரே, எங்ககிட்ட இருக்கிற மருந்து கொஞ்சம்தான். புது மருந்தைச் சோதிச்சுப் பார்க்கிற ஆய்வு சென்னையில எங்கயாவது நடக்கும். அதுல எடம் கெடைச்சா நல்லது. போன்ல தேடிப் பார்க்கத் தெரிஞ்சவங்க வூட்ல யாராவது கீறாங்களா?"

இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். போனில் நாம் கடைசியாகப் பேசியது உனக்கும் மறந்திருக்காது. வாயைத் திறந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. எழுதினால், ஒரு கோபத்தை எழுதி முடிப்பதற்குள் அது ஆறிவிடுகிறது. அவ்வளவு மெதுவாக எழுதுகிறேன்.

தேடிப் பார்ப்பாயா? பெரிய பெரிய எழுத்தாகப் பதில் எழுது.

உன் நைனா
முத்துவேல்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)


திருப்பூர்
14 ஜூலை 2025

நைனாவுக்கு,

உன் கடிதம் விடுதி ஆபீசுக்கு வந்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து, இங்கே தங்கியிருக்கிற பனியன் கம்பெனிப் பெண்களில் யாருக்கோ அவள் தம்பி எழுதியது என்று நினைத்தேன். வார்டன் சித்ரா என்று என் பெயர் இருந்தது.

நீ எழுதக் கற்றுக்கொண்டது எனக்குச் சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் கோபம்.

உனக்குப் புற்றுநோய் வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வீரம்மாளுக்குத் தெரியும். நீ பெற்ற ஒரே பெண்ணுக்குத் தெரியாது. அம்மாவின் காரியம் முடிந்து நான் இங்கே திரும்பி வந்த பிறகு போனில் என்ன சொன்னாய் என்று எழுதட்டுமா? "நீதாண்டி அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி சாவடிச்ச" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் பேச எனக்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. உன்னைச் சாகக் கொடுக்க வேண்டும் என்று நான் பேசாமல் இருக்கவில்லை.

தேடினேன். நம் நாட்டில் நடக்கிற மருந்து ஆய்வுகளுக்கு அரசாங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டதும் வரிசையாக வந்தது. இவ்வளவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க நிம்மதி போய்விட்டது. பாதிக்கு மேல் முடிந்துபோனவை. ஒன்று, நோய் எலும்புக்குப் போகாதவர்களுக்கு. இன்னொன்று, ஊசியே போட்டுக்கொள்ளாதவர்களுக்கு. ஒன்று மும்பையில். ஒன்றில் கொடுத்திருந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. பெண்கள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பார்த்ததில் கண் எரிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சென்னையில் ஒன்று கிடைத்தது. ஒரு புது ஊசி. ரத்தத்தில் ஏற்றினால் நோய் இருக்கிற எலும்பைத் தேடிப் போய் அங்கே வேலை செய்யுமாம். சந்தியா என்பவர் அந்த ஆய்வைப் பார்த்துக்கொள்கிறார். பொறுமையாகப் பேசினார். யாரைச் சேர்க்கலாம் என்று ஒரு பக்கம் இங்கிலீஷில் இருந்தது. எலும்புக்குப் போயிருக்க வேண்டும், பழைய ஊசி கேட்காமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டும் எனக்குப் புரிந்தது, உனக்குப் பொருந்துகிறது. மற்றதெல்லாம் டாக்டர் பாஷை. "நேர்ல கூட்டிட்டு வாங்க, நாங்க கேட்டுத் தெரிஞ்சுக்கறோம்" என்றார்.

இது வைத்தியம் இல்லை நைனா, சோதனை. பாதிப் பேருக்குத்தான் புது ஊசி. மீதிப் பேருக்கு இப்போது எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரை மட்டும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். கெடுதல் வரலாம். பாதியில் வேண்டாம் என்று நீ வந்துவிடலாம்.

சேர் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது நான் காட்டிய இடத்தில் நீ கைநாட்டு வைத்தாய். பழி எனக்கு வந்தது. இப்போது உனக்குப் படிக்கத் தெரியும். நீயே படி. நீயே போடு.

உன் காஞ்சிபுரம் ரிப்போர்ட்டுகளை வீரம்மாளை விட்டுப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல். தேதி கிடைத்ததும் அவளிடம் சொல்கிறேன்.

சித்ரா


காவாந்தண்டலம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதத்தை ஏரிக்கரையில் உட்கார்ந்து படித்தேன். காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்தேன். திட்டியிருக்கிறாய். திட்டு என்றாலும் எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

சென்னைக்குப் போய் வந்துவிட்டேன். வீரம்மாளும் கூட வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை போர்டு தெரியுமா? அவள் வழி கேட்பதற்குள் நான் படித்துச் சொல்லிவிட்டேன். "டீச்சரு நானா நீயா மாமா?" என்று கேட்டாள்.

சந்தியா நல்ல பெண். என்னை உட்கார வைத்து, "ஐயா, படிக்கத் தெரியாதவங்கன்னா கூட ஒருத்தர் சாட்சியா உட்காரணும். உங்களுக்கு நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்மா. குடு, நானே படிக்கிறேன்" என்றேன்.

கேமராவை வைத்துவிட்டார்கள். ஒப்புதலைப் படம் பிடிக்க வேண்டும் என்பது சட்டமாம். தமிழில்தான் இருந்தது. சத்தம் போட்டுப் படித்தேன். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியாக இல்லை. படம் பிடித்தவன் ஒரு தடவை கொட்டாவி விட்டான். சந்தியா டீ வாங்கி வரச் சொன்னாள். குடித்துவிட்டு மறுபடி படித்தேன். ரத்தம் குறையலாம், வாந்தி வரலாம், பலன் இல்லாமலும் போகலாம் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. சாவு என்றுகூட எழுதியிருக்கிறது. மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. முடித்ததும் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை காய்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று சந்தியா கேட்டாள். சந்தோஷம் என்றேன்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். அங்கே பெஞ்சில் என்னைப் போல நிறையப் பேர். ஒருவர் கைத்தடியோடு முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரை எடுக்க மாட்டார்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கைத்தடியை நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வீரம்மாளிடம் கொடுத்துவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. ஆள் எடுக்கிற இடத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்கா தெரியாது?

என்னை எடுத்துக்கொள்வார்கள். நீ பார்.

உன் நைனா
முத்துவேல்


திருப்பூர்
19 ஆகஸ்ட் 2025

நைனா,

நேற்று சந்தியா போன் செய்தார். உன்னைச் சேர்க்க முடியாதாம்.

"சந்தோஷமான விஷயம்தாங்க. அப்பாவுக்கு வலியே இல்லையாம். இந்த ஆய்வு எலும்பு வலி இருக்கிறவங்களுக்கு, வலி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு. அவர் எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிட்டார்" என்றார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை போட்ட அட்டையைக் காட்டி, வலி எவ்வளவு என்று கேட்டார்களாம். நீ ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்துவிட்டுப் பூஜ்யத்தில் விரலை வைத்தாயாம். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீரம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரியில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வீட்டுக்குத் தெரிகிறதாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாயாம். சென்னைக்குப் போன அன்று காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் இரண்டு சேர்த்துப் போட்டாயாம். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாயாம். அவளும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் டாக்டரிடமும் நீ வலி இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறாய், அதனால் ரிப்போர்ட்டிலும் இல்லை.

தகுதி எழுதிய பக்கத்தில் எனக்குப் புரியாத வரிகள் இருந்தன என்றேனே, அதில் ஒன்று இதுதான். அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், அம்மாவைப் பார்த்தவள் நான்.

அம்மா வயலில் மயங்கி விழுந்த பிறகுதானே தூக்கிக்கொண்டு ஓடினோம். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "வலியா? அதெல்லாம் இல்ல சார், லேசா இழுத்துக்கினு கீது, அவ்ளோதான்" என்று அம்மா சொன்னாள். நீ வெளியே நின்றுகொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். வயிற்றைத் திறந்தால் குடல் வெடித்து உள்ளே எல்லாம் சீழ். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்றார்கள். உன்னிடம் அப்போதே சொல்ல வாயெடுத்தேன். நீ கேட்கவில்லை.

சந்தியாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. மறுபடி வந்தால் மறுபடி கேட்டு எழுதுகிறோம், இடம் இன்னும் இருக்கிறது என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் எழுது. வலி இருக்கிறதா? எவ்வளவு?

சித்ரா


காவாந்தண்டலம்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மா பற்றி எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புரியாமல் இல்லை. புரிந்துதான் படித்தேன்.

நான் ஏன் வலி இல்லை என்று சொன்னேன் என்று கேட்டாய் அல்லவா? நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

சவுக்கு வெட்டுக்கு ஆள் எடுக்க மேஸ்திரி பஞ்சாட்சரம் விடிகாலையில் வண்டியோடு வருவார். நாங்கள் எல்லோரும் ரோட்டு ஓரம் வரிசையாக நிற்போம். உன் அம்மாவும் நிற்பாள். அவர் கையில் ஒரு பேனா இருக்கும். "இன்னாடா முத்து, முதுகு எப்டி கீது?" என்பார். "கல்லு மாரி கீதுண்ணா" என்பேன். முந்தின நாள் மரம் உருண்டு முதுகில் விழுந்திருந்தாலும் அதுதான் பதில். ஒரு தடவை எங்களில் ஒருவன் "கொஞ்சம் புடிச்சிக்கினு கீது" என்றான். "அப்ப வூட்ல போய்ப் படுத்துக்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். அந்த சீசன் முழுக்க அவனை எடுக்கவில்லை. உன் அம்மா பவளம், நீ வயிற்றில் இருக்கும்போது புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவரும் பார்க்காதது போல ஏற்றிக்கொண்டார். அப்படி நின்றுதான் நாங்கள் சோறு தின்றோம்.

சந்தியாவும் பேனாவோடுதான் கேட்டாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நோயாளிக்குத்தான் இடம், வலி இருக்கிறவனுக்குத்தான் இடம் என்று ஒரு வரிசை உலகத்தில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கைத்தடிக்காரரை எடுத்திருப்பார்கள். நல்லா இருக்கட்டும்.

மறுபடி போகிறேன். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீரம்மாள் பேனாவை வைத்துக்கொண்டு கேட்கிறாள், "ஐயா, வலி கீதா?" என்று. முதல் தடவை "இல்லம்மா" என்றே சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இப்போது பால் பாக்கெட்டையும் படிக்கிறேன். காய்ச்சிக் குடிக்கவும் என்று போட்டிருக்கிறது.

உன் நைனா
முத்துவேல்


திருப்பூர்
4 செப்டம்பர் 2025

நைனாவுக்கு,

பால் பாக்கெட்டில் போட்டிருப்பதை எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

பதினைந்தாம் தேதி காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நானே வந்து உன்னோடு சென்னைக்கு வரலாம் என்று லீவு கேட்டேன். இங்கே பெண்கள் நிறையப் பேருக்குக் காய்ச்சல், தீபாவளிக்கு முன்னால் விட மாட்டோம் என்கிறார்கள். வேலையை விட்டுவிடவா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ சேர்ந்துவிட்டால் அடிக்கடி சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது லீவு தேவைப்படும் என்று பொறுத்துக்கொண்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

கைத்தடியை யாரிடமும் கொடுக்காதே. மாத்திரை போடாமல் போகாதே, என்ன மாத்திரை என்று அட்டையோடு காட்டு. முனகல் வந்தால் முனகு.

அம்மா பற்றி நான் எழுதியதைப் புரிந்துதான் படித்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். எனக்கு அது போதும்.

சித்ரா


காவாந்தண்டலம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள சித்ராவுக்கு,

கையெழுத்துக் கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். வீரம்மாள் அட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். நடந்ததை நான்தான் எழுதுவேன், நீ போனில் சொல்லிவிடாதே என்று சந்தியாவிடம் சொன்னது போலவே இவளையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். அவளைத் திட்டாதே. எழுத இத்தனை நாள் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

பதினைந்தாம் தேதி போனேன். கைத்தடி என் கையில்தான் இருந்தது. மாத்திரை அட்டை சட்டைப் பையில், உன் கடிதங்களோடு. பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். ஆமாம்மா, வலி கீது. ராத்திரில அதிகம். இடுப்புல, முதுகுல, தொடையில. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

சென்னையில் இறங்கும்போது வலது கால் நான் சொன்னதைக் கேட்கவில்லை. மரத்துப்போயிருக்கிறது, உட்கார்ந்து வந்ததுதான் என்று நினைத்தேன். வீரம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சந்தியா எதிரில் வந்தாள். என் நடையைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. பேனாவை எடுக்கவே இல்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். தள்ளுவண்டியில் வைத்து ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகெலும்பில் நோய் வளர்ந்து நரம்பை அழுத்துகிறது. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஐயா, எழுந்து நடமாடறவங்களத்தான் இந்த ஆய்வுல சேர்க்க முடியும். இப்ப அதை விடுங்க. உங்க காலைக் காப்பாத்தறதுதான் அவசரம்." அன்றைக்கே முதுகுக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு என்று போர்டில் எழுதியிருந்தது. மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்து, பிறகு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் திரும்பவில்லை. இரண்டு காலுமே.

போன தடவை நிமிர்ந்து உட்கார்ந்ததால் போய்விட்டது. இந்தத் தடவை உட்கார முடியாமல் போய்விட்டது.

சந்தியா வாசல் வரை வந்தாள். வேறு ஆய்வு வந்தால் சொல்கிறேன் என்றாள். வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தேன். "சந்தியா. சரியா படிச்சனாம்மா?" என்றேன். அழுதுவிட்டாள், பாவம்.

வழி முழுக்கப் பழகிக்கொண்டு போனேனே, அதை யாரும் கேட்கவே இல்லை, சித்ரா. வலி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் நர்ஸம்மா வீட்டுக்கு வருகிறார். மார்பின் மாத்திரை தருகிறார். "எப்படி கீறீங்க தாத்தா?" என்று கேட்பார். "நல்லா கீறேம்மா" என்றுதான் வாயில் வருகிறது. அவரும் அதே அளவு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாயை மாற்ற முடியவில்லை. கைதான் புதிது. கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நீ கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வலி உள்ளது என்று முதலில் எழுதிப் பார்த்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். படித்துப் பார்த்தால் வேறு யாருக்கோ வந்த வலி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். வீரம்மாள் பக்கத்தில்தான் இருக்கிறாள், திருத்த வரவில்லை.

வலிக்குது சித்ரா. ரொம்ப வலிக்குது. தாங்க முடியல. இந்தச் சீட்ட அப்படியே நர்ஸம்மாகிட்ட நீ வந்து காட்டு, என் வாய நம்ப வேணாம்னு சொல்லு. உங்க அம்மாவுக்கும் இப்டித்தான் வலிச்சிருக்கும்.

தீபாவளி வரைக்கும் பாக்காத. கெளம்பி வா கண்ணு.

நைனா